ஆளே இல்லாத வகுப்புக்குப் பதினோரு தேற்றங்கள்

கணித ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள். சாதனைகளை எழுதுவதென்றால் ஒரு தபால் அட்டை போதும். அதனால் ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். ஒன்றே ஒன்றை எழுதுவது அடக்கத்தால் அல்ல. இவர்கள் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

என் துறை கலப்பெண் பகுப்பாய்வு. அதற்குள் நட்சத்திர வடிவச் சார்புகள் என்று ஒரு மூலை. பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு சார்பு, வட்டமான தட்டு ஒன்றை எடுத்து நீட்டி வளைத்து வேறோர் உருவமாக விரிக்கிறது. அந்த உருவத்தின் மையத்தில் நின்று பார்த்தால் எந்த மூலையும் மறையாமல் நேர்கோட்டில் தெரிந்தால், அது நட்சத்திர வடிவச் சார்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கூடம் இந்தச் சோதனையில் தேறாது. நடுவில் நின்றால் சமையலறை வாசல் தெரியும், உள்ளே யார் என்ன தின்கிறார்கள் என்பது தெரியாது. பன்மதிப்புச் சார்பு என்பது அதே தட்டைப் பல சுற்றுச் சுற்றி ஒரே இடத்தை p தடவை மூடுவது. p ஒன்று என்றால் ஒரு சுற்று, இரண்டு என்றால் இரண்டு சுற்று. இவ்வளவு தெரிந்தால் நான் சொல்லப்போவது புரியும். இவ்வளவுகூடத் தெரியாமல் இதில் முனைவர் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சிலருக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்த மூலையில் கட்டுரை எழுத ஒரு வழி உண்டு. நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள், ஆகவே மறைப்பதில் பயனில்லை. யாரோ ஆராய்ந்து முடித்த சார்பு வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் நிபந்தனையில் ஒரு கிரேக்க எழுத்தைச் செருக வேண்டும். அதற்குப் 'புதிய துணைவகுப்பு' என்று பெயர். பிறகு பழைய கட்டுரையில் இருந்த தேற்றங்களை அதே வரிசையில் மறுபடி நிரூபிக்க வேண்டும். அடுத்த வருடம் இன்னொருவர் நம்முடையதை எடுத்து இன்னோர் எழுத்தைச் செருகுவார், நம்மை மேற்கோள் காட்டுவார். அதற்கடுத்த வருடம் நாம் அவரை. இப்படியே எல்லோருக்கும் பதவி உயர்வு வந்துவிடும். கிரேக்க மொழியில் இருபத்து நான்கு எழுத்துகள்தான் இருக்கின்றன என்பது ஒன்றே எங்களுக்கிருந்த கவலை.

முப்பது வருடத்துக்கு மேல் எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தேன். என் கடைசி ஆராய்ச்சி மாணவி சிந்து. அவள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எறணாகுளத்துப் பிராட்வே கடைத்தெருவில் பாத்திரக்கடை போட்டவர். சிந்து பிறந்ததும் படித்ததும் எறணாகுளத்தில். தமிழ் பேசுவாள், எழுத்தென்றால் மலையாளம்தான். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாக இருந்துகொண்டே என்னிடம் பதிவு செய்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. பேசாத மாணவிகளைப் புத்திசாலிகள் என்று நினைக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. காரணம், அப்போது பேச்சு முழுவதும் நம்முடையதாகிவிடும்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பன்மதிப்பு நட்சத்திர வடிவச் சார்புகளில் ஒரு புதிய துணைவகுப்பை உருவாக்கினோம். பதினோரு தேற்றங்கள். கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினார். இன்னொருவர் தன்னுடைய மூன்று கட்டுரைகளை மேற்கோள் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம், கட்டுரை வந்துவிட்டது. சிந்துவின் ஆய்வேட்டில் அது நான்காம் அத்தியாயம். மற்ற அத்தியாயங்களெல்லாம் அதற்குப் போவதற்கும் அதிலிருந்து திரும்புவதற்கும் எழுதப்பட்டவை. பிறகு நான் ஓய்வு பெற்றேன். அவள் முடிக்கும்வரை நானே வழிகாட்டியாகத் தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்தது.

ஓய்வு பெற்ற மறு வருடம், வேறொரு ஆய்விதழிலிருந்து ஒரு கட்டுரையைப் பரிசீலனைக்கு அனுப்பினார்கள். எழுதியவர் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி ஆசிரியர். தலைப்பைப் பார்த்ததும் நம் துறையில் இன்னோர் ஆள் என்று மகிழ்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் வாக்கியங்கள் பழக்கமானவையாகத் தோன்றின. மூன்றாம் பக்கத்தில் 'ப்ரூஃப்' என்று ஆங்கிலத்தில் இருக்கவேண்டிய இடத்தில் 'க்ரூஃப்' என்று இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் கட்டுரையில் p இருந்த இடங்களில் எல்லாம் அந்த மனிதர் k போட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் போட அலுத்து, கணினியிடம் மொத்தமாக மாற்றச் சொல்லியிருக்கிறார். கணினி உத்தரவை அப்படியே நிறைவேற்றி, சொற்களுக்குள் இருந்த p-க்களையும் மாற்றிவிட்டது. மனிதர் உட்கார்ந்து அவற்றைத் திருத்தியிருக்கிறார். ஒன்று மட்டும் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. அந்தக் கட்டுரையில் அவருடைய சொந்தப் பங்களிப்பு என்று சொல்லக்கூடியது அந்த ஒரு 'க்ரூஃப்'தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அந்தக் கோபத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. திருடும் அளவுக்கு நம் சரக்கு நன்றாக இருக்கிறதே என்ற சந்தோஷம். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி அடிக்கோடிட்டு ஒரு பட்டியல் தயார் செய்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆள் திருடியது மட்டுமல்ல, திருடியதைப் புரிந்துகொள்ளவும் இல்லை என்று காட்டிவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஆகவே அவருடைய தேற்றங்களில் ஓட்டை தேடினேன்.

பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அந்த வகுப்பின் நிபந்தனை, ஒரு குறிப்பிட்ட அளவு தட்டு முழுவதிலும் ஓர் எல்லைக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. எல்லை ஒரு நீளமான கோவை. அலங்கார எழுத்துகளை ஒதுக்கினால் மிஞ்சுவது α பெருக்கல் k-யின் வர்க்கம். α அரைக்குக் குறையாது. சரி, மையத்தில் என்ன ஆகிறது? z-க்குப் பூஜ்ஜியம் போட்டால் அந்த அளவு எந்தச் சார்புக்கும் k-தான், வேறு வழியே இல்லை. இப்போது k-க்கு இரண்டு போடுங்கள். மையத்தில் அளவு இரண்டு. அது நாலில் பாதிக்கு, அதாவது இரண்டுக்கு மேல் இருக்க வேண்டுமாம். இரண்டு எப்படி இரண்டைவிடப் பெரிதாகும்? k மூன்று, நாலு என்று போனால் நிலைமை இன்னும் மோசம். சுருக்கமாக, அந்த நிபந்தனைக்கு உட்பட்ட பன்மதிப்புச் சார்பு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வகுப்பு காலி. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்கூட இல்லாத வகுப்புக்கு மனிதர் பதினோரு தேற்றங்கள் நிரூபித்திருக்கிறார்.

கைதட்டாத குறையாக எழுந்து நின்றேன். அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் நீடித்தது. அரை நிமிடம் கழித்து, அவருடைய தேற்றங்கள் யாருடையவை என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். p ஒன்றாக இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. நாங்கள் கொடுத்திருந்த ஒரே உதாரணமும் p ஒன்றுக்குத்தான். 'மற்றவை இதேபோல' என்று எழுதியிருந்தோம். நாங்கள் என்றால் நான். இந்த 'இதேபோல'வைக் கவனியுங்கள். நம் துறையில் நடக்கும் விபத்துகளில் பாதி அந்தச் சொல்லில்தான் நடக்கின்றன.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். திருட்டை நிரூபிக்க வேண்டுமானால் இரண்டு கட்டுரைகளையும் ஆசிரியர் குழுவின் முன் வைக்க வேண்டும். வைத்தால் யாராவது பூஜ்ஜியத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்தால் சிந்துவின் நான்காம் அத்தியாயம் போயிற்று. அவளுடைய ஆய்வேடு அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த மாத முடிவுக்குள் சமர்ப்பித்தால்தான் எறணாகுளத்திலேயே ஒரு நிரந்தரப் பணிக்கான நேர்முகத்தில் அவள் பெயர் வரும். இதையெல்லாம் யோசித்து, அவளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று என்னையே நம்பவைத்து, பரிசீலனை அறிக்கையில் ஐந்து வரி எழுதினேன். 'புதுமை போதாது, நிராகரிக்கலாம்.' நம் துறையில் இந்த வாக்கியம் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் என்பதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கட்டுரை திரும்பிவிடும், திருடனும் வாயைத் திறக்கமாட்டான், நானும் திறக்கமாட்டேன். அனுப்பாமல் வைத்திருந்தேன். மறுநாள் அனுப்பலாம் என்று.

மறுநாள் காலை எறணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து வரும் பத்தரை மணிப் படகில் சிந்து வந்தாள். நல்ல மழை. ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு படகுத்துறையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அவள் நனைந்திருந்தாள், ஆய்வேடு நனையவில்லை. வழிகாட்டியின் சான்றிதழில் என் கையெழுத்து வேண்டும். சாயா போட்டுக் கொடுத்தேன். பேனாவை எடுத்தேன். 'இது உண்மையான ஆராய்ச்சி என்று சான்றளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே முதல் பிரதியில் கையெழுத்துப் போட்டேன். போட்டேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது பிரதியைத் திறக்கும்போது, மனசு உறுத்தியதாலோ வெறும் வம்புப் பேச்சு ஆசையாலோ, திருட்டை மட்டும் சொன்னேன். க்ரூஃப் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நம்முடைய முதல் தேற்றத்தையும் எடுத்திருக்கிறாரா என்று கேட்டாள். பதினொன்றையும் முழுசாக எடுத்திருக்கிறார் என்றேன்.

சாயாக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்போ அந்த ஆளும் பூஜ்யம் போட்டு நோக்கலை, இல்லே டீச்சர்?" என்றாள்.

'ஆளும்' என்பதில் இருந்த அந்த 'உம்' என் காதில் விழுந்தது. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது, இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம்.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும், மோளே?"

"அன்னிக்கே ஒரு சம்சயம் இருந்தது டீச்சர். டிராஃப்ட்ல பென்சில்ல குறிச்சிருந்தேன்."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் வரைவில் அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி இருந்தது. அடிப்படை புரியாமல் கேட்கிறாள் என்று நினைத்தேன். நம் துறையில் இந்தக் கோவைகளெல்லாம் இப்படித்தான் இருக்கும், பார்த்துப் பழகிக்கொள் என்று ஏதோ சொன்னேன். பிறகு ரப்பரை எடுத்து அதை அழித்தேன். சுத்தமாக, தாள் கிழியாமல். என் முப்பது வருட அனுபவத்தில் என் கட்டுரைகளைப் பற்றி யாராவது கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான், அதை அழித்தவள் நான்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டதால் தனக்குத்தான் புரியவில்லை என்று முதலில் நினைத்தாளாம். ஒரு வருடம் கழித்து, புரியாதது தனக்கில்லை என்று தெரிந்தது. அதற்குள் நான்காம் அத்தியாயத்தின் மேல் ஐந்தாம் அத்தியாயம் ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்பா கடையில் எல்லோரிடமும் மகள் டாக்டராகப் போகிறாள் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். பயந்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

நான் அப்போதும் என் புத்தியைக் காட்டினேன். "இப்ப என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்றேன். முடிவைப் பெருந்தன்மையாக அவள் மடியில் இறக்கிவைத்தேன்.

அவள் என் முன்னால் இருந்த பிரதியைப் பார்த்தாள். "ஒப்பு உங்களோடதல்லே டீச்சர்" என்றாள். கையெழுத்து உங்களுடையதல்லவா என்று அர்த்தம்.

முதல் பிரதியில் போட்டிருந்த கையெழுத்தைக் குறுக்கே அடித்தேன். மற்ற நான்கிலும் போடவில்லை. அவள் ஐந்தையும் பழையபடி உறையில் சுற்றினாள். மழை விடட்டும் என்றேன். பன்னிரண்டு மணிப் படகு போய்விடும் என்று கிளம்பிவிட்டாள். அந்த மாதம் முடிந்தது. நேர்முகம் அவள் இல்லாமல் நடந்தது. இரண்டு மாதம் என் தொலைபேசியை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

ஐந்து வரி அறிக்கையை அழித்துவிட்டு முழு அறிக்கை எழுதினேன். இது எங்கள் கட்டுரை, இதோ பட்டியல், தவிர இது தவறு, அந்தத் தவறும் எங்களுடையதே என்று. பிறகு எங்கள் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு, அதைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினேன். இதழாசிரியரிடமிருந்து மிக மரியாதையான பதில் வந்தது. இதுவரை யாரும் புகார் செய்யவில்லையே என்று கேட்டிருந்தார். கூடவே, இன்னோர் அளவுருவைச் சேர்த்து வகுப்பில் சில சார்புகள் வரும்படி செய்து ஒரு தொடர்ச்சிக் கட்டுரை தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். நான் மூன்று முறை எழுதிய பிறகு, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பை வெளியிட்டார். அதற்குள் எங்கள் வகுப்பை மேற்கோள் காட்டி வேறு சிலர் அதற்குள்ளேயே இன்னும் நுட்பமான துணைவகுப்புகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். காலி அறைக்குள் தடுப்புச் சுவர் எழுப்பியவர்கள். அவர்களுக்கும் எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், தன் கட்டுரையில் நான் கவனித்த வேறு பிழைகள் இருந்தால் தெரிவிக்கும்படி.

திருட்டுக் கட்டுரையை அந்த ஆய்விதழ் நிராகரித்தது. ஆறு மாதத்தில் அது வேறொன்றில் வந்தது. எடுத்துப் பார்த்தேன். க்ரூஃபைத் திருத்தியிருந்தார்கள்.

மூன்றாம் மாதம் சிந்துவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. α-வை p-இல் ஒரு பங்குக்குக் கீழே வைத்தால் வகுப்பில் ஆள் வந்துவிடும், ஆனால் பதினோரு தேற்றங்களில் மூன்றுதான் பிழைக்கும் என்றாள். மூன்று போதும் என்றேன். முப்பத்தொரு பக்க அத்தியாயம் ஒன்பது பக்கமானது. ஐந்தாம் அத்தியாயத்தை முழுக்க எடுத்துவிட்டாள். அடுத்த ஒன்றரை வருடம் என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கேட்டதற்குப் பதில் சொல்வாள், வேலை முடிந்ததும் படகுக்குப் போய்விடுவாள். நான் எழுதியவற்றின் ஓரத்தில் கேள்விக்குறி போடுவாள், இப்போது பேனாவால். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்து பட்டம் வாங்கிவிட்டாள். வேலை கிடைத்தது எறணாகுளத்தில் அல்ல, மலைப்பக்கத்தில் ஒரு கல்லூரியில். ஐந்து மணி நேரம் பேருந்து. அப்பாவைப் பார்க்க மாதம் இரண்டு தடவைதான் வர முடிகிறது. அந்த நேர்முகத்தில் அவள் இருந்திருந்தால் வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போயிருப்பாள். உண்மை பேசினால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்தப் பேருந்தில் அவரை ஏற்றிவிடுங்கள்.

போன மாதம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தமிழ்நாட்டு எண். மனிதர் தன் பெயரைச் சொன்னார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக அவரிடம் சொல்வதற்கு நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வாய்வரை வந்துவிட்டன. ஆனால் அவர்தான் கோபமாக இருந்தார். அவர் கல்லூரியில் யாரோ வேண்டாதவர் எங்கள் அறிவிப்பைக் கண்டுபிடித்து, இவருடைய வகுப்பும் அதேதானே, அப்படியானால் இதுவும் காலிதானே என்று நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டுவிட்டாராம். பதவி உயர்வு நின்றுவிட்டதாம்.

"மேடம், பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை செக் பண்ணியிருக்கலாமே" என்றார். "உங்களை மாதிரி சீனியர்ங்க எழுதினதை நம்பித்தானே எங்களை மாதிரி ஆளுங்க எடுத்துச் செய்யறோம்."

தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் 'எடுத்து' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டால் மற்றதெல்லாம் சரி. சிந்து நம்பியதும் அப்படித்தான். "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன். பரவாயில்லை மேடம், இனிமேலாவது பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சிந்துவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் சிரித்தாள். அவள் அவ்வளவு நேரம் சிரித்து நான் கேட்டதில்லை. மழையில் ஐந்து பிரதிகளோடு போனதற்குப் பிறகு சிரித்தே கேட்டதில்லை.

"டீச்சர், அந்த ஒம்பது பேஜை அவருக்கு அனுப்பட்டே?" என்றாள். "இதையாவது சரியா எடுத்துக்கட்டும்."

அனுப்பிவிட்டாள். அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. எழுத்துகளை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.